நடுவர் அங்கிளின் இரண்டாவது மணி

“…கையை உடைச்சது தப்புதான், யுவர் ஆனர். வன்முறைக்கு நான் எப்பவுமே எதிரி. ஆனா…”

சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து அங்கிள் இப்படி ஆரம்பித்ததும், பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, என் முழங்கையைக் கிள்ளினார். “போச்சு. ‘ஆனா’ வந்துடுச்சு. இனிமே அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை போயிட்டு வராம இவர் எறங்க மாட்டார். பாவம், ரேமண்ட் ஜெயிலுக்குத்தான் போகப் போறான்.”

ரேமண்ட் எங்கள் கட்டடத்தின் சூப்பரின்டெண்டென்ட், சுருக்கமாக சூப்பர். பாய்லர், பைப், பூட்டு, எலி எல்லாம் அவர் பொறுப்பு. அன்றைக்கு யாரிடமோ கடன் வாங்கிய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு தன் வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் பேசியது இங்கிலீஷில்தான். ஆனால் அவருடைய இங்கிலீஷும் வேட்டி கட்டிக்கொண்டுதான் வரும் என்பதால், நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அங்கிளின் பெயரை எழுதப் போவதில்லை. எண்பதுகளின் பின்பாதியில் ஜெர்சி சிட்டியில் அவருக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. நடுவர் அங்கிள் என்றால் போதும். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வருஷத்துக்கு மூன்று பட்டிமன்றம். மூன்றுக்கும் அவர்தான் நடுவர். வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. இரண்டு அணியும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போகிற மாதிரி தீர்ப்புச் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது.

பகலில் மன்ஹாட்டனில் ஒரு கம்பெனியில் லிஃப்ட் டிசைன் செய்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் நியாயம் சொல்கிற வேலை. அதற்கென்று ஒரு மணி வைத்திருந்தார். மெட்ராஸில் ஏதோ ஆபீஸ் மேஜையில் இருந்து ஓய்வு பெற்ற பித்தளை மணி. உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ‘டிங்’ என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பேச்சாளர்களுக்கு ஆரம்பத்திலேயே விதியைச் சொல்லிவிடுவார். “முதல் மணி எச்சரிக்கை. ஒரு நிமிஷம் இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது மணி அடிச்சா, பாதி வார்த்தையில இருந்தாலும் உட்கார்ந்துடணும்.”

அந்த இரண்டாவது மணியை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. முதல் மணிக்குப் பிறகு அரைமணி நேரம் பேசினவர்களை எனக்குத் தெரியும். “ஏன் அங்கிள், ரெண்டாவதை அடிச்சாத்தான் என்ன? சாம்பார் ஆறிப் போகுதே” என்று கேட்டேன். சங்கத்தில் சாப்பாட்டு கமிட்டி நான்தான்.

“அடிச்சா அந்தப் பக்கத்து மனசு நோகுமேம்மா. கதவுன்னு இருந்தா ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கும். நாம எந்தப் பக்கம் நிக்கிறோமோ அதை மட்டும் கைப்பிடின்னு சொல்லக் கூடாது.”

இந்தக் கைப்பிடி அவருடைய சொந்தத் தயாரிப்பு. எதற்கும் அதையே எடுத்து நீட்டுவார். வீட்டுக்காரர் ஜனவரியில் ஹீட்டரை நிறுத்தியபோது நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினோம். எங்களுக்குத் தலைமை தாங்கி வந்த அங்கிள், வீட்டுக்காரர் வாசலில் நின்று, “எண்ணெய் விலையும் ஏறித்தான் இருக்கு” என்றார். ஒரு தம்பதி விவாகரத்து வரைக்கும் போய் அவரிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். நான்கு மணி நேரம் இருவர் பக்கமும் நியாயம் கண்டுபிடித்தார். வெளியே வந்தவர்கள் அவரைத் திட்டிக்கொண்டே ஒரே காரில் ஏறிப் போனார்கள். இன்றைக்கும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். “இவர்கிட்ட காபியில சக்கரை போதுமான்னு கேட்டுப் பாரு. போதும்னா போதும், இன்னும் கொஞ்சம் போட்டாலும் தப்பில்லேம்பார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குத்துமதிப்பாத்தான் போட்டுட்டு இருக்கேன்” என்பார் ஆன்ட்டி.

அங்கிளை மதித்து, ஆனால் மறுத்துப் பேசுகிற ஒரே ஆள் ரேமண்ட்தான். சனிக்கிழமை காலையில் அங்கிள் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்கு இறங்குவார். ரேமண்ட் அவரை ‘ஜட்ஜ்’ என்று கூப்பிடுவார். ஒரு தடவை என் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டதற்காக ரேமண்டைத் தேடிப் போனபோது இருவரும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அங்கிள் தன் கைப்பிடியை எடுத்து நீட்டியிருந்தார்.

“ஜட்ஜ், இந்தக் கட்டடத்துல எத்தனை கதவுக்கு நான் பூட்டு மாத்தியிருக்கேன் தெரியுமா? பின்பக்கத்துக் கதவைப் போய்ப் பாருங்க. உள்பக்கம்தான் கைப்பிடி. வெளியில நிக்கறவனுக்கு வெறும் இரும்புத் தகடு.”

“அது செக்யூரிட்டிக்காக.”

“ஆமா. உள்ள இருக்கறவங்க அப்படித்தான் சொல்வாங்க” என்று ரேமண்ட் டீயை உறிஞ்சினார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு சங்கம் எடுத்த தலைப்பு, ‘நிறவெறியை ஒழிக்க ஆயுதம் ஏந்துவது நியாயமா, நியாயமில்லையா?’ டிவியைத் திறந்தால் தென்னாப்பிரிக்கா. தெருவில் சவப்பெட்டிகள், கண்ணீர்ப்புகை, கல்லூரிப் பிள்ளைகளின் ஊர்வலம். வழக்கமாக ‘சிறந்தது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா’ என்று அடித்துக்கொள்கிற எங்களுக்கே ரத்தம் கொதித்தது. தயாரிப்புக்காக அங்கிள் நோட்டுப் புத்தகத்தோடு பாய்லர் அறைக்குப் போனார். “நீங்க அமெரிக்காவுலயே தெற்கேர்ந்து வந்தவராச்சே, உங்க அபிப்பிராயம் என்ன?” என்று ரேமண்டைக் கேட்டார்.

ரேமண்ட் சொன்னதை அங்கிளே எனக்குச் சொன்னார். அவர் சின்ன வயதில் இருந்த ஊரில் சினிமாக் கொட்டகைக்கும் பல் டாக்டருக்கும் கறுப்பினத்தவர்களான இவர்களுக்குப் பின்வாசல்தானாம். அண்ணன் ஊர்வலத்தில் போய், கையைத் தூக்காமல் நின்று, முன்பல் மூன்றைக் கொடுத்துவிட்டு வந்தாராம். அவர்கள் மாமா ஊர்வலத்துக்கே போக மாட்டார். வீட்டுக்கு நெருப்பு வைக்க வருகிறவர்களுக்காக மடியில் துப்பாக்கியோடு வாசலில் உட்கார்ந்திருப்பாராம்.

“இதுல யாரு செஞ்சது சரின்னு கேட்டேம்மா. ‘ஜட்ஜ், மாமா முழிச்சிருந்ததாலதான் அண்ணன் தூங்கினான். அண்ணன் அடி வாங்கினதாலதான் மாமாவுக்குச் சுட வேண்டிய வேலை வரலை. ரெண்டு பேரும் ஒரே மேஜையில சாப்பிட்டாங்க’ன்னான். பாத்தியா, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு!” என்று அங்கிள் நோட்டை மூடினார்.

பட்டிமன்றம் ஒரு சர்ச்சின் கீழ்த்தள ஹாலில் நடந்தது. நாற்காலி போட ரேமண்டைத்தான் கூலிக்குப் பிடித்திருந்தோம். சைவத்துக்கு ஒரு மேஜை, அசைவத்துக்கு ஒரு மேஜை, நடுவில் நான்.

ஆயுத அணிக்குத் தலைவர் எங்கள் டாக்டர். ஊருக்கு வெளியே புல்வெளி வைத்த வீடு கட்டிப் போனவர். ஆயுதம் என்று அவர் கையில் நான் பார்த்தது டென்னிஸ் மட்டைதான். மேடையில் வேறு ஆள். “பஸ்ஸுல தனி சீட்டு, கடற்கரையில தனி மணல், ஆஸ்பத்திரியில தனிக் கட்டில்! தலைமுறை தலைமுறையா மனு கொடுத்தாங்களே, அதுலயெல்லாம் வெள்ளைக்காரன் வடைதானே மடிச்சான்? அடிக்கிறவன்கிட்ட அடிதான் பேசணும்!” என்று மைக்கைக் குத்தினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அஹிம்சை அணிக்குத் தலைவர் மூன்றாவது மாடிப் பேராசிரியர். தென்னாப்பிரிக்காவில் ஒருவரை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதையில் ஆரம்பித்தார். அதைச் சொல்லாமல் அஹிம்சை அணி மேடை ஏறியதாகச் சரித்திரமே இல்லை. “துப்பாக்கியால ஜெயிச்சவன் ஜெயிச்சப்புறம் துப்பாக்கியைக் கீழே வெச்சிருக்கானா? ஒருத்தனைக் காட்டுங்க பார்ப்போம்” என்று கேட்டார். நல்ல கேள்விதான். போன மாதம் எங்கள் கட்டடத்தில் காலியான ஒரு வீட்டை ஒரு கறுப்பினக் குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள், வீட்டுக்காரரிடம் போய் “நம்ம ஊர் ஃபேமிலி ஒண்ணு ரெடியா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தவரும் அவரேதான். குரலைக்கூட உயர்த்தவில்லை என்று கேள்வி.

அங்கிள் ஆளுக்கு ஒரு மணி அடித்தார். இருவரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். கடைசியில் எழுந்து, “ஆயுதம் எடுப்பது தவறு. ஆனால் எடுத்தவனைத் தவறு என்று சொல்ல நாம் யார்? ஆகவே…” என்று இருபது நிமிஷம் பேசினார். ஹால் எழுந்து நின்று கைதட்டியது.

ரேமண்ட் கதவோரம் நின்று என்னைக் கேட்டார். “யார் ஜெயிச்சாங்க?”

“ரெண்டு பேரும்.”

“அப்ப எதுக்கு மூணு மணி நேரம் கத்தினாங்க?”

பாய்லரில் ஏதோ பார்க்க வேண்டும், போய்விட்டு நாற்காலி மடக்க வருகிறேன் என்றார். நான் எலுமிச்சம் சாதமும் கோழி வறுவலும் அலுமினிய டப்பாவில் போட்டு மூடிக் கையில் கொடுத்தேன். வருஷா வருஷம் அப்படித்தான் கொடுப்பேன். “ஒவ்வொரு வருஷமும் எனக்குப் பார்சல்தான்” என்று சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். இருநூறு நாற்காலி போட்ட மனுஷனை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. பேராசிரியருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு அணியும் நானும் ஒற்றுமை.

அங்கிளுக்குப் பொன்னாடை போர்த்தி ஃபோட்டோ எடுத்து அனுப்பி வைத்தோம். வீடு மூன்று தெரு தள்ளி. அந்த வருஷங்களில் நம்மவர்களைக் கண்டால் வம்புக்கு வருகிற பையன்கள் சில தெருமுனைகளில் நிற்பார்கள். நெற்றிப் பொட்டைப் பார்த்துக் கத்துவார்கள், கல்லெறிவார்கள். “அந்த ஜரிகையைக் கழட்டிட்டுப் போங்க” என்று ஆன்ட்டி சொன்னதற்கு, “மரியாதை செஞ்சவங்க மனசு நோகும்” என்று தோளில் தங்கம் மினுக்க, பையில் மணியோடு நடந்தார். சாமான் ஏற்றிக்கொண்டு நாங்கள் பின்னால் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் கட்டடத்து வாசலிலேயே நான்கு பையன்கள் வழிமறித்தார்களாம். ஒருவன் பொன்னாடையைப் பிடித்து இழுத்தான். நம் அங்கிள் என்ன செய்தார் தெரியுமா? “உங்களுக்கு எங்க மேல என்ன குறை? உங்க பக்கத்தைச் சொல்லுங்க, கேட்கறேன்” என்றாராம். அவர்கள் பக்கத்தை அவர்கள் கையால் சொன்னார்கள். முதல் அடியில் கண்ணாடி போயிற்று. இரண்டாவதில் உதடு. மூன்றாவது அடியில் படியில் சாய்ந்தவர், பைக்குள் கைவிட்டு மணியை எடுத்துப் படியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

“ஒண்ணே ஒண்ணுதாம்மா அடிச்சேன். எச்சரிக்கை மணி” என்று ஆஸ்பத்திரியில் உதட்டுத் தையலோடு எனக்கு விளக்கினார்.

பாய்லர் அறையின் ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்தது. ‘டிங்’ கேட்டு ரேமண்ட் ஓடிவந்தார். வலது கையில் பைப் முடுக்குகிற கனத்த ரெஞ்ச், இடது கையில் நான் கொடுத்த பார்சல். நான்காவது அடிக்கு ஓங்கிய கையின் மணிக்கட்டில் ரெஞ்ச் இறங்கியது. மற்ற மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். போலீஸ் வந்தபோது நடைபாதையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், எதிரே ரெஞ்சோடு ஒரு கறுப்பினத்து ஆள், சுற்றிலும் எலுமிச்சம் சாதம். யார் கையில் விலங்கு போட்டார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பையன் தரப்பில், தாங்கள் சும்மா வழி கேட்டதாகவும், ரேமண்ட் வெறி பிடித்து அடித்ததாகவும், கிழவர் கையில் ஏதோ உலோக ஆயுதம் இருந்ததாகவும் சொன்னார்கள். உலோக ஆயுதம் என்றால் மணி. கண்ணால் கண்ட சாட்சி அங்கிள் ஒருவர்தான். அவர் சொன்னால் ரேமண்ட் வெளியே. சொல்லாவிட்டால் ஜெயில், வேலை போகும், வேலையோடு பாய்லர் அறைக்குப் பக்கத்தில் அவர் குடியிருந்த வீடும் போகும். அங்கிளுக்கோ அடுத்த மாதம் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. கோர்ட், கேஸ் என்று பெயர் அடிபட்டால் அது கெட்டுவிடுமோ என்று எல்லோருக்கும் பயம்.

டாக்டர் வீட்டில் அவசரக் கூட்டம் போட்டோம். அங்கிளைப் போலவே ரேமண்டும் நம்ம ஆள்தானே, சங்கம் ஒரு கடிதமாவது கொடுக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

டாக்டர், “அது வேற, இது வேறம்மா. அங்க நடக்கறது விடுதலைப் போராட்டம். இது அஸால்ட் கேஸ்” என்றார்.

“நீங்கதானே டாக்டர் அடிக்கிறவன்கிட்ட அடிதான் பேசணும்னீங்க?”

“சவுத் ஆஃப்ரிக்காவுலம்மா!”

பேராசிரியர், “வாழ்க்கையில முதல் தடவையா டாக்டரோட ஒத்துப்போறேன். அவன் போலீஸுக்கு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல?” என்றார்.

“அதுக்குள்ள இவருக்கு நாலு பல்லு போயிருக்குமே” என்றார் ஆன்ட்டி. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

“சிம்பிளா முடிங்க அங்கிள். கண்ணாடி விழுந்துடுச்சு, எதுவும் சரியாத் தெரியலைன்னு சொல்லிடுங்க. பொய்கூட இல்ல. நிஜமாவே விழுந்துச்சே” என்றார் டாக்டர்.

எல்லோரும் நடு சோபாவைப் பார்த்தோம். அங்கிள் தையல் போட்ட உதட்டைத் தடவிக்கொண்டார். “உங்க பக்கமும் நியாயம் இருக்கு” என்றார். டாக்டர் நிம்மதியாக எழுந்து எல்லோருக்கும் காபி சொன்னார். எனக்குக் குடிக்கப் பிடிக்கவில்லை. கட்டடத்துக்கு வந்ததும் அங்கிள் மாடிக்கு ஏறாமல் பின்பக்கம் போனார். என்னவோ என்று நானும் போனேன். பின்கதவுக்கு வெளியே நின்று, வெறும் இரும்புத் தகட்டைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் முடிந்து மூன்றாவது வாரம்தான் அந்தச் சாட்சி நாற்காலி. டாக்டரும் பேராசிரியரும் வரவில்லை. நானும் ஆன்ட்டியும்தான் போயிருந்தோம். அரசு வக்கீல் ஏற்கெனவே, போலீஸ் எடுத்து வைத்திருந்த மணியைத் தூக்கிக் காட்டி, “இது உங்களுடையதா?” என்று கேட்டுவிட்டு, அதை அங்கிள் முன்னால் இருந்த பலகையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் கழுத்தில் நம்பர் போட்ட சீட்டுத் தொங்கியது.

“…வன்முறைக்கு நான் எப்பவுமே எதிரி. ஆனா, ரேமண்டும் அன்னிக்கு என்னை மாதிரியே எதிரியா நின்னுருந்தா, இன்னிக்கு இந்த நாற்காலியில நான் இருக்க மாட்டேன். மாலை போட்டு என் ஃபோட்டோதான் இருக்கும்.”

ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்தார். “முதலில் அடித்தது யார்? அதை மட்டும் சொல்லுங்கள்.”

“அந்தப் பையன். மூணு தடவை. நாலாவதுக்குக் கை ஓங்கினப்பதான் ரேமண்ட் அடிச்சார். ஒரே ஒரு அடி.”

“உங்கள் கண்ணாடி விழுந்துவிட்டது என்று போலீஸ் குறிப்பில் இருக்கிறதே?”

“விழுந்துச்சு. ஆனா அவன் முகம் எனக்கு இவ்வளவு கிட்டத்துல இருந்தது” என்று உள்ளங்கையை மூக்கின் முன் வைத்துக் காட்டினார். “கிட்டத்துல நடக்கறதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டாம், யுவர் ஆனர். தூரத்துல நடக்கறதுக்குத்தான் வேணும். மூணு வாரமா இதுக்கு மறுபக்கம் தேடிட்டேன். இந்தக் கதவுக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி.”

ஜட்ஜம்மாவுக்கு எந்தக் கதவு என்று புரிந்திருக்காது. ரேமண்ட் தலை நிமிர்ந்தார். ஆன்ட்டி கிள்ளிக்கொண்டிருந்த என் கையை விட்டுவிட்டு, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அரசு வக்கீல் எழுந்தார். உயரமான மனுஷன், தேன் தடவிய குரல். “ஐயா, உங்கள் சமூகத்தில் நீங்கள் மிகவும் நடுநிலையானவர் என்று கேள்விப்பட்டேன். கை உடைந்த பையனுக்கு வயது பதினேழு. அவனுக்கும் அம்மா இருக்கிறாள். எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு, இல்லையா? அந்தப் பையன் பக்கத்திலும் ஏதாவது ஒரு நியாயம்…”

அங்கிள் முன்னால் இருந்த மணியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். கோர்ட் முழுக்க ‘டிங்’ என்றது.

வக்கீல் நின்று, கை தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே, “நான் சொல்ல வந்தது, இரண்டு பக்கமும்…” என்று தொடர்ந்தார்.

அங்கிள் அவரையே பார்த்தபடி கையை மறுபடி தூக்கி, இரண்டாவது மணியை அடித்தார்.